கம்பளி போர்த்திய பாட்டு

நான் பாடகன் ஆகாமல் போனதற்கு என் மாமாதான் காரணம் என்று இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன். யாரும் நம்புவதில்லை. நான் பாடிக் கேட்டவர்கள் அறவே நம்புவதில்லை.

இலங்கை மலையகத்து நாவலப்பிட்டியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த என் மாமாவிடம் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருந்தது. அதே மாதிரி மெஷின் ஒன்றோடு அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறி, நீலகிரியில் குடியேறியிருந்தது. எங்கள் குரல்களை நாடாவில் பிடித்து, அடுத்துக் கப்பலேறுகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவதென்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்துப் பாட்டுக்காரனான நான்தான் ஆரம்பம். மூன்று சரணமும் மனப்பாடம்.

ஒத்திகையில் மாமா நாடாவை வேகமாக ஓடவிட்டுப் பதிந்து போட்டுக் காட்டினார். ஒவ்வோர் எழுத்தும் கழுவி வைத்த கண்ணாடி கிளாஸ் மாதிரி வந்து விழுந்தது. என் குரலுக்கு முதல் ரசிகன் நானேதான்.

மறுநாள் ஞாயிறு. செய்தி எப்படியோ தேயிலைத் தோட்டங்களுக்கு எட்டிவிட்டது. பிள்ளைகளை அதே நீலகிரிக்கு அனுப்பியவர்கள் புசல்லாவையிலிருந்தெல்லாம் பஸ்ஸேறி வந்து கடைவாசலில் நின்றார்கள். மாமா கூட்டத்தைப் பார்த்தார். கையிலிருந்த ஒரே ஸ்பூலைப் பார்த்தார். வேகத்துக்கான திருகை ஆகக் குறைந்த இடத்துக்குத் திருப்பினார்.

மெதுவாக ஓடினால் நாடா நெடுநேரம் வரும், குரல் மங்கிப்போகும். போதாததற்கு, விரல் நகத்தளவு அகலமான அந்த நாடாவை நான்கு கீற்றாக்கி, போக இரண்டு, வர இரண்டு என்று பதிகிற மெஷின் அது. கீற்று மெலிந்தால் இரைச்சல் ஏறும். இவ்வளவும் மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். சொல்லிக்கொடுத்துவிட்டு அவரே இப்படிச் செய்யலாமா?

"என்னா மாமா இது! என் பாட்டு நாசமாப் போயிருமே!"

"போகாதுடா. கொஞ்சம் கம்பளி போத்திக்கும், அவ்வளவுதான். ஒரு சரணம் போதும், சுருக்கா பாடு."

பாடினேன். போட்டுக் கேட்டால், மழைநாளில் அடுத்த வீட்டில் யாரோ மாவு சலிப்பது போன்ற சத்தம். அதற்குப் பின்னால் எங்கோ நான்.

எனக்குப் பிறகு வந்தவர்களாவது உருப்படியாக ஏதும் சொன்னார்களா? ஒரு பெரியவர் மைக்கைக் கோயில் மணி என்று நினைத்தாரோ என்னவோ, கும்பிட்டுவிட்டுக் கத்தினார்: "மாடு கன்னு போட்டிருச்சுடா! கெடேரி!" என் இரண்டு சரணத்தை அந்தக் கிடாரி தின்றுவிட்டது.

கடைசியாக ஓர் அம்மா. மகளைக் கட்டிக்கொடுத்துக் கப்பலேற்றியவர். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். பேசவில்லை.

"பேசுங்க அக்கா, ஓடுது," என்றார் மாமா.

அந்த அம்மா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அந்த அக்கிரமம் நடந்தது. மாமா மைக்கிடம் குனிந்து, "அண்ணே, இந்த எடத்துல வேகத்தைக் கூட்டிக்கங்க," என்று சொல்லிவிட்டு, மெஷினை நிறுத்தி, திருகை ஒத்திகையில் வைத்திருந்த அதே வேகத்துக்கு ஏற்றி, மறுபடி ஓடவிட்டார். பாடினவனுக்குக் கம்பளி, வாயே திறக்காதவருக்குக் கண்ணாடி! மிச்சமிருந்த நாடா கடகடவென்று தீர்ந்துகொண்டிருந்தது. கொதித்துப்போய் வாயைத் திறந்த என்னை மாமா ஒரு பார்வையில் அடக்கினார்.

அந்த அம்மா மூச்சை இழுத்து விட்டார். மூக்கை உறிஞ்சினார். சேலைத் தலைப்பு மைக்கில் உரசியது. நாடாவின் நுனி ஸ்பூலைவிட்டுக் கழலப்போகும் சமயத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல் மெல்லக் கேட்டார்:

"சாப்டியா தாயி?"

நான் ஒரு வாரம் மாமாவோடு பேசவில்லை. மாவு சலிக்கிற அந்த இரைச்சலில் முதலில் மூழ்கிப்போவது பாட்டல்ல, மூச்சுதான் என்பதும், கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்கு அந்த மூச்சு ஒன்றுவிடாமல் கேட்டாக வேண்டும் என்பதும், மூன்று சரணத்தை வாயில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு எப்படித் தெரியும்?