பகல் தூக்கமும் துட்டி வீடுகளும்

என் லாரியில் ஒரு பெட்டி இருக்கிறது. ஸ்டீயரிங்குக்கு மேலே, முன்கண்ணாடியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். நான் கண்ணை மூடினால் அது கத்தும். கத்தி முடித்ததும் ஒரு பெண்குரல், தயவுசெய்து ஓய்வெடுக்கவும் என்று இந்தியில் சொல்லும். எனக்குப் பிறவியிலேயே சின்னக் கண், சிரித்தால் மூடிக்கொள்ளும். அதனால் நான் சிரித்தாலும் அந்த அம்மாள் ஓய்வெடுக்கச் சொல்கிறாள். மும்பைக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் போய்த் தூங்கு என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னது அந்தப் பெட்டி ஒன்றுதான். ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள், உங்கள் முன்னால் பெட்டி இல்லை.

எனக்கு வீடு தாராவி. வண்டி நிற்பது வடாலா. அங்கே சரக்கேற்றி, கோலாப்பூர், ஹூப்ளி, சித்ரதுர்கா வழியாக ஓசூர் போய் இறக்கிவிட்டு, வேறு சரக்கோடு திரும்புவோம். போய்வர நாலு நாள், சில சமயம் ஐந்து. என்னோடு ஓட்டுகிறவர் ஷிண்டே, சாத்தாராக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னாலிருக்கும் பலகையில் படுத்துவிட வேண்டும். ஸ்டீயரிங் கைமாறும்போது அவர் மராத்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார், “ஜோப் ஜாலி கா?” தூங்கியாச்சா என்று அர்த்தம். ஆச்சு என்று சொன்னால்தான் சாவி கைக்கு வரும். எழுத்தில் இல்லாத சட்டம், ஆனாலும் எட்டு வருஷமாக அவர் ஒரு தடவைகூடக் கேட்காமல் விட்டதில்லை.

தூக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு வேறெதுவும் தெரியாது. ராத்திரிதான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ராத்திரிக்கு நாம் பயப்படுவோம், அந்தப் பயமே முழிக்க வைத்துவிடும். ஆளைத் தின்பது மத்தியானம் இரண்டு மணிக்கு மேலேதான். வயிறு நிறைந்திருக்கும், ரோடு நேராகக் கிடக்கும், வெயில் முகத்தில் அடிக்கும். பச்சை மிளகாயைக் கடிப்பவர்கள் உண்டு. வாய்தான் முழித்திருக்கும், கண் அதுபாட்டுக்குச் சொருகும். டீ ஒன்றிரண்டுக்கு மேல் குடித்தால் மூத்திரம்தான் மிச்சம். பாட்டை அலறவிட்டால் கொஞ்ச நேரத்தில் அதுவே தாலாட்டாகிவிடும். தயிர்சாதத்தை மத்தியானம் தொடவே கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. இதற்கெல்லாம் மேலே ஒரு மருந்துதான் இருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்குவது. அதுகூட முந்தின நாள் ஒழுங்காகத் தூங்கியவனுக்குத்தான் வேலை செய்யும்.

நான் வந்த புதிதில் ஒரு தோல்பை பட்டறைக்கு மேலே பதினாலு பேர் ஒரே அறையில் இருந்தோம். பதினாலு பேரும் ஒரே நேரத்தில் படுக்க இடம் கிடையாது. ராத்திரி வேலைக்குப் போகிறவன் பகலில் படுப்பான், பகல் வேலைக்காரன் ராத்திரி. கீழே மிஷின் கடகடவென்று ஓடும், ஆனாலும் படுத்தவனை யாரும் எழுப்ப மாட்டார்கள். அவன் பேச்சு வந்தால்கூடக் குரல் தாழும். ஊரில் என் அப்பா, பகலில் படுப்பவன் வீட்டில் மூதேவி குடியிருக்கும் என்று சொல்லித் தண்ணீர் தெளித்து எழுப்புவார். ஆகவே பகல் தூக்கத்துக்கு மரியாதை கொடுக்கிற நகரம் என்று மும்பையை நினைத்து நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். கல்யாணமாகி, தனி அறை எடுத்து, தெருவில் நாலு பேருக்கு அத்தானும் மாமனும் ஆன பிறகுதான் தெரிந்தது, ஊர் எனக்கு முன்னாலேயே ரயிலேறி வந்து உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் துட்டி கேட்பது என்று ஒரு வழக்கம். சாவுக்குப் போக முடியாதவன் பிறகாவது அந்த வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். பெரிதாகப் பேச வேண்டியதில்லை, முகத்தைக் காட்டினால் போதும். செவ்வாயும் வெள்ளியும் போகக்கூடாது. மற்ற நாட்களில் போகாமல் இருக்கக்கூடாது. லாரிக்காரன் எந்தச் சாவுக்கு ஊரில் இருக்கிறான்? எல்லாச் சாவும் நான் ரோட்டில் இருக்கும்போதுதான் நடக்கும். அதனால் வடாலாவில் இறங்கி வீட்டுக்கு வந்தால், குளிக்கும் முன்னாலேயே செல்வி எனக்காகக் காத்திருக்கும் துட்டி வீடுகளைச் சொல்லத் தொடங்குவாள். செல்வி என் மனைவி. அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நான் இல்லாத நாட்களில் அந்தத் தெருவில் மானமாகத் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியவள் அவள்தானே. நான் ஒருநாள் எரிந்து விழுந்தபோது அவள் சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

“நாளைக்கு நம்ம வீட்டுல ஒண்ணுன்னா, வாசல்ல யாரு வந்து நிப்பா? அதையும் யோசிச்சுக்கிடுங்க.”

வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். சாவுக்கு வராதவன் என்று பெயரெடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஆள் வராது. ஆகவே நான் வருகிற நாளெல்லாம் தூக்கத்தை விட்டுவிட்டுத் துட்டி கேட்டேன். வண்டியில் ஷிண்டே கேட்கும்போது, ஆச்சு, ஆச்சு என்றேன்.

போன மழைக்காலம் முடிந்த சமயம். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன், ராத்திரி எட்டுக்கு மறுபடி வண்டி எடுக்க வேண்டும். அன்றைக்கு மூன்று வீடுகள். தாராவியில் ஒன்று, வடாலாவில் ஒன்று. இரண்டிலும் காப்பி குடித்துச் சீக்கிரம் எழுந்துவிட்டேன். மூன்றாவது அம்பர்நாத், செல்வியின் பெரியப்பா இறந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. தாதரில் ரயிலேறினேன். தாணே தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது, அதுதான் வினை. கண் விழித்தபோது வண்டி காலியாக இருந்தது, கூட்டுகிறவர் என் காலைத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தார். கர்ஜத். அம்பர்நாத்தைத் தாண்டி வெகுதூரம் வந்து, கடைசி ஸ்டேஷனில் கிடக்கிறேன். அந்த மாசத்தில் நான் தூங்கிய நல்ல தூக்கம் அதுதான், அதற்கும் குற்றவாளி மாதிரி எழுந்து எதிர் வண்டி பிடித்தேன். அம்பர்நாத்தில் பெரியப்பா மகன் என்னைப் பார்த்து, இப்பந்தான் வழி தெரிஞ்சுதோ என்று கேட்டார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். வீடு திரும்பியபோது ஆறு மணி. சாப்பிட்டு, சட்டை மாற்றி, வடாலாவுக்குப் போனேன். ஷிண்டே கேட்டார். ஆச்சு என்றேன்.

ராத்திரியெல்லாம் அவரும் நானும் மாறிமாறி ஓட்டினோம். என் முறைக்குப் பலகையில் படுத்தால் உடம்பு படுக்கிறது, தூக்கம் வரவில்லை. ரொம்ப நாள் பட்டினி கிடந்தவனுக்குச் சோறு இறங்காதே, அந்தக் கதைதான். மறுநாள் மத்தியானம் இரண்டரைக்கு தாவணகெரே தாண்டி நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். தூரத்துக் குன்றுகளின் மேல் காற்றாடிகள் சுற்றுவதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது பெட்டியின் அலறல், என் தோளுக்கு மேலே நீண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்த ஷிண்டேயின் கை, முன்னால் ஒரு டிராக்டர். டிராக்டருக்குப் பின்னால் தொட்டியில் ஏழெட்டுப் பெண்கள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். வண்டி இடப்பக்கம் மண்ணில் இறங்கி, இழுத்துக்கொண்டு போய் நின்றது. டிராக்டர் போய்விட்டது. அந்தப் பெண்களில் ஒருத்தி கையைத் தூக்கி ஏதோ கன்னடத்தில் திட்டினாள். திட்டினாளே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திட்ட உயிரோடு இருக்கிறாள்.

ஷிண்டே என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, நேற்று என்னதான் செய்தாய் என்று கேட்டார். சாவு வீட்டுக்குப் போயிருந்தேன் என்றேன். உடனே தொப்பியைக் கழற்றினார். யார் என்றார். மாமனார் முறை என்றேன். நேற்றுத்தான் சாவு என்று அவர் நினைத்துவிட்டார். இரண்டு மாசத்துக்கு முன் செத்தவரை விசாரிக்க, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அம்பர்நாத் போனேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. ஓசூர்வரை அவரே ஓட்டினார். திரும்பி வந்ததும் ஷிண்டே வடாலாவில் சொல்ல, மராத்தி டிரைவர்கள், பிகார் டிரைவர்கள் எல்லோரும் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். துட்டி கேட்கப் போன என்னிடம் ஊரே துட்டி கேட்டது. வெட்கத்தில் செத்துப்போனேன். கிளம்பும்போது ஷிண்டே சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. “தூங்காம வந்தியா, வா. நான் ஓட்டுறேன். தூங்கிட்டேன்னு பொய் சொல்லாதே. மேரே பி தோ பச்சே ஹை.” எனக்கும் இரண்டு பிள்ளைகள் என்றார்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிராக்டரையும் அந்தப் பெண்களின் கால்களையும் சேர்த்து. அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு என் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள். மேலே ஏறிப் படுங்க என்றாள். எங்கள் அறையில் பலகை அடித்து ஒரு மேல்தட்டு உண்டு, மாளா என்பார்கள், ஆள் நிமிர்ந்து உட்கார முடியாது. அன்றிலிருந்து நான் மும்பைக்கு வருவது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். விடியும் முன் வருவேன், படுப்பேன், இருட்டியதும் போவேன். துட்டி வீடுகளுக்கு அவளே போய் உட்கார்ந்து வந்தாள். அவுகளுக்கு ஓயாத ஓட்டம் என்று எனக்காக அவள் சொல்லியிருக்கக்கூடும், நான் கேட்கவில்லை. நாலைந்து மாசத்தில் உடம்பு தேறிவிட்டது. ஷிண்டே கேட்டபோதெல்லாம் நிஜத்தையே சொன்னேன்.

போன மாசம் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். மாளாவில் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். கீழே வாசலில் பால்துரை அண்ணாச்சியின் குரல். எங்கள் தெருவில் ஒரு சாவு என்றால் வீடுவீடாகச் சொல்வதிலிருந்து சுடுகாட்டு வேலை வரைக்கும் முன்னால் நிற்பவர் அவர்தான். நாலு வீடு தள்ளியிருக்கும் டெய்லர் சுடலைமுத்து தவறிவிட்டார், நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்றார். சுடலைமுத்துதான் என் மகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவர், பத்து வருஷம். நான் எழுந்து பலகையில் கையூன்றினேன். அதற்குள் செல்வி சொல்லிவிட்டாள்.

“அவுக லைனுக்குப் போயிருக்காக அண்ணாச்சி. நான் வந்துருதேன்.”

இப்போது நான் ஏணியில் இறங்கினால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். அப்படியே இருந்தேன். அண்ணாச்சியோடு யாரோ இன்னொருவர் வந்திருந்தார். வந்தவர், வீட்டுக்காரர் இருந்தால் பாடை தூக்க ஒரு ஆள் ஆகுமே, அவருக்குப் போன்போட்டுப் பார்ப்போமா என்றார். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், கோபமே இல்லாமல்.

“அவன் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. அவன விட்டுட்டு எண்ணுங்கடே.”

தட்டுக்கு மேலே, அவர்கள் தலைக்கு ஓரடி உயரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது கேட்டது. இனிமேல் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்ட பிறகு நான் நெடுநேரம் முழித்துக்கொண்டிருக்கவில்லை. புரண்டு படுத்தேன், தூங்கிவிட்டேன்.