ஒற்றை ஆள் மிஷின்

யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் முதலில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிற ஆள் நான். கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவனுக்கு அது நல்ல பழக்கம்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

திருவொற்றியூரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். அப்போது எங்கள் மிஷினுக்கு இரண்டு பேர். நான் தகட்டை வைத்துப் பெடலை மிதிப்பேன். வியாசர்பாடியிலிருந்து வரும் என் கூட்டாளி, அடித்த பீஸை இடுக்கியால் எடுத்து, பிசிறு பார்த்துக் கூடையில் போடுவான். நான் பர்மனென்ட், அவன் காண்ட்ராக்ட்.

ஒருநாள் ஸ்டாப்வாட்சும் எழுதுகிற அட்டையுமாக ஒருவர் வந்து எங்கள் பின்னால் நின்றார். உற்பத்தித் திறனைக் கூட்ட வந்திருக்கிறாராம். கூட்ட வருகிறவர்கள் முதலில் ஆளைத்தான் கழிப்பார்கள், இது எங்களுக்குத் தெரியாதா?

"ஒரே ஆளு போதுமான்னு பாக்கத்தான் வந்துகீறான் மாமு. என்னிய தூக்கிட்டா வூட்ல அடுப்பு எரியாது" என்றான் கூட்டாளி.

அன்றிலிருந்து வாட்ச்காரர் பக்கத்தில் வந்தாலே எங்கள் கைகளுக்கு வயதாகிவிடும். நான் பனியன் வேஸ்ட் துணியால், தகட்டுக்கு உருக்கொடுக்கிற டை அச்சைத் துடைப்பேன், எண்ணெய் விடுவேன், மறுபடி துடைப்பேன். அவன் ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் தூக்கி, பெண் பார்க்க வந்தவன் மாதிரி நிதானமாகப் பார்ப்பான். இந்த வேலைக்கு இரண்டு பேரே போதாது என்றுதான் யாருக்கும் தோன்றும். வாட்ச்காரர் தலையைச் சொறிந்துகொண்டே போவார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று குடும்பத்தை உள்ளே அழைத்து வரலாம். பூஜை முடிந்ததும், பொட்டும் மாலையுமாக நிற்கிற மிஷினில் அவரவர் வீட்டார் முன்னால் நாலு பீஸ் அடித்துக் காட்டுவது எங்கள் கம்பெனியில் வழக்கம். கூட்டாளி பொரி வாங்கும் வரிசையில் நின்றிருந்தான். என் மகளுக்குப் பொறுமையில்லை. பண்டிகை நாளில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நானே தனியாக அடித்தேன். நாலு பீஸோடு நிறுத்தவில்லை, ஒரு கூடை நிரம்பியது. மகள் கை தட்டினாள். அதோடு அதை மறந்தும் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் மிஷின் ஒற்றை ஆளுக்கு மாறப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. எங்கள் நடிப்பு எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். நான் சொல்லவில்லை. அப்படியானால்? மறுநாள் கூட்டாளி மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். பர்மனென்ட் ஆக்குவதாக ஆசை காட்டியிருப்பார்கள், என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அதன்பிறகு டோல்கேட் டீக்கடையில் அவனோடு டீ குடிப்பதை நிறுத்தினேன். சாப்பாட்டு டப்பாவையும் வேறு மூலைக்குத் தூக்கிப் போனேன்.

"இன்னா மாமு, மூஞ்ச தூக்கி வச்சுகினு கீற?"

"ஒண்ணுமில்ல, போ."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினால்கூட எதற்காக நீட்டுகிறான் என்று யோசித்தேன்.

மாதக் கடைசியில் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். போனில் ஒரு வீடியோவைப் போட்டு எங்கள் பக்கம் திருப்பினார். மாலை போட்ட மிஷின். முன்னால் நான் ஒருவன். இடது கை தகடு வைக்கிறது, வலது கை பீஸை எடுக்கிறது, கூடை நிறைகிறது. "அப்பாவுக்கு இன்னொருத்தர் எதுக்கு? பாரு!" என்கிறது என் குரல். வாட்ச்காரர் அன்று பொரிப் பொட்டலத்தோடு எனக்குப் பின்னால்தான் நின்று படம் பிடித்திருக்கிறார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

கேட்டுக்கு வெளியே கூட்டாளி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று எதற்காக மேனேஜர் அறைக்குப் போனான் என்று அப்போதுதான் கேட்டேன்.

"ஷிஃப்டு மாத்தறாங்கன்னாங்க. எங்க மாமுகூடவே என்னிய போடுங்கன்னு கேக்கப் போனேன்."

அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"பாப்பா நல்லா கை தட்டுச்சு மாமு" என்று சொல்லிவிட்டு டோல்கேட் பக்கம் மிதித்துப் போனான்.

இப்போது நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். வாசல் பலகையில் தலைக்கு இத்தனை பீஸ் என்று ஓர் அம்புக்குறி மேலே ஏறுகிறது, பக்கத்தில் என் போட்டோ. இந்த ஆயுத பூஜைக்கும் மகள் வந்தாள். நாலே பீஸ் அடித்தேன். ஐந்தாவதுக்கு அவள் கெஞ்சியும், பெடல் மேல் என் கால் போகவில்லை.