ஒரு துடைப்ப வீச்சு அகலம்

சாலை முழுவதும் கொள்ளுச் செடியைப் பரப்பிவிட்டு, ஓரத்தில் மட்டும் ஒரு துடைப்ப வீச்சு அகலத்துக்கு ஏன் சுத்தமாகப் பெருக்கி விடுகிறார்? சின்ன வயதில் விருத்தாம்பாள் அத்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். பதில் தெரியாது. பிள்ளைகள் ஓடி விளையாடத்தான் அந்த இடம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டு அதில் ஓடுவோம். "ஏய், கால்ல கொள்ள இழுத்துக்கினு வந்து அங்க போடாதீங்கடி!" என்று அத்தை துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இந்தப் போகிக்கும் வெயில் ஏறியதுமே வேலையைத் தொடங்கிவிட்டார். சேலைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. காய்ந்த கொள்ளுச் செடியைக் கட்டுக் கட்டாகத் தூக்கி வந்து தார்ச்சாலையில் உதறிப் பரப்புவார். போகிற வண்டிகள் ஏறி ஏறிக் காய் வெடித்துக் கொள்ளு உதிரும். செடியைக் கிளறி எடுத்துவிட்டு மீதியைக் கூட்டி அள்ளி, முறத்தில் தூற்றினால் வேலை முடிந்தது.

எங்கள் ஊர் செஞ்சிக்கு வடக்கே இருக்கிறது. முன்பெல்லாம் இந்தச் சாலையில் டவுன் பஸ்ஸை விட்டால் வேறு வண்டி அபூர்வம். கொள்ளைப் பரப்பிவிட்டு பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். பிறகு சென்னையிலிருந்து பண்டிகைக்கு வருகிறவர்கள் எங்களைக் கண்டுபிடித்தார்கள். திண்டிவனம் வழியாக வரும் பெரிய சாலை அந்த நாட்களில் நகராது. அதைத் தவிர்க்கிறவர்கள் உத்திரமேரூர், வந்தவாசி, தேசூர் என்று சுற்றி வருவார்கள். செஞ்சி கடைத்தெரு நெரிசலும் வேண்டாம் என்றால் போனில் இருக்கும் மேப் அவர்களை எங்கள் தெருவுக்குள் திருப்பிவிடும். தளவானூருக்கும் மண்டகப்பட்டுக்கும் போகிற கார்கள் வரிசையாக எங்கள் வீட்டு வாசலைக் கடந்து போகும்.

அத்தைக்கு அதில் பெரிய சந்தோஷம். காரின் பெயர், விலை எதுவும் அவருக்கு வேண்டாம். எடைதான் கணக்கு. "இதுல வெயிட்டே இல்லடி, காத்துதான் போவுது" என்பார். பெரிய வண்டி வந்தால், "வா ராசா, நீ நல்லா தின்னு வளந்தவன்" என்று வரவேற்பார். சென்னைக்காரர்களுக்கு இது புரியாது. பாவம், கொள்ளை மிதிக்கக் கூடாது என்று மரியாதையாக ஓரத்தில் ஒதுங்கிப் போகப் பார்ப்பார்கள். உடனே அத்தை சாலைக்கு நடுவில் போய் நின்று, "மேல ஏத்துப்பா! மேல ஏத்து! ஓரமாப் போவாத!" என்று இரண்டு கையையும் ஆட்டுவார். பல பேர் பயந்துபோய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் கொள்ளின் மேல் ஏறித்தான் போவார்கள்.

ஓரம் கார்களுக்கு இல்லை. அது எழில் அண்ணனுக்கு.

எழில் அண்ணன், அத்தையின் ஒரே மகன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. முதல் பொங்கலுக்கு அவர் பைக்கில் வந்தபோது அத்தை சாலை முழுக்கக் கொள்ளைப் பரப்பியிருந்தார். அவ்வளவு தூரம் பத்திரமாக வந்தவர், வீட்டு வாசலில், உருளும் கொள்ளில் சறுக்கி விழுந்தார். முட்டி கிழிந்துபோனது. அத்தை அழவில்லை. மறுநாளிலிருந்து ஓரத்தைப் பெருக்க ஆரம்பித்தார். இதை எனக்கு அம்மா சொன்னது நான் ஆறாம் வகுப்புக்குப் போன பிறகுதான்.

அந்தப் பொங்கல்கள் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. சாயங்காலம் நாங்கள் சிறுபாலத்தின் கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். முதுகுக்குப் பின்னால் ராஜகிரிக் கோட்டை மலை கறுத்துக்கொண்டிருக்கும். தூரத்தில் ஒற்றை விளக்கு தெரிந்தால், "எழிலண்ணன்!" என்று முதலில் கத்துகிறவருக்கு முதல் மிட்டாய். பாதி நேரம் அது வேறு யாராவதாக இருக்கும். அவராகவே இருந்தால் பெருக்கிய ஓரத்தில் இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி மெல்ல ஓட்டி வருவார். புருவமெல்லாம் புழுதி. பக்கத்திலேயே அத்தை, சின்னப் பிள்ளைக்கு நடை பழக்குகிற மாதிரி, ஒரு கையை நீட்டிக்கொண்டே நடந்து வருவார்.

கல்யாணத்துக்குப் பிறகு அது நின்றுபோனது. நெடுந்தூரம் பைக் வேண்டாம் என்று மாமியார் வீட்டில் சொன்னதால் வண்டியை விற்றுவிட்டார். அடுத்த பொங்கலுக்கு ஜெயஸ்ரீ அண்ணியோடு பஸ்ஸில் கிளம்பினார். பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. அண்ணிக்கு வாந்தி வேறு. திரும்பிப் போய்விட்டார்கள். அதற்கடுத்த பொங்கலுக்குக் கிளம்பவே இல்லை. "டிராபிக்மா, கூட்டம் கொறஞ்சதும் வரேன்" என்றார். கூட்டம் குறைந்தது. லீவும் முடிந்திருந்தது.

அந்த இரண்டு வருடமும் அத்தை ஓரத்தைப் பெருக்கினார். கலியபெருமாள் மாமா வாசலில் உட்கார்ந்துகொண்டு, "வராதவனுக்கு ரோடு வுட்டுக்கினு இருக்கா பாரு. அந்த எடத்துலயும் பரப்பினா இன்னும் ரெண்டு கட்டு அடிபடும்" என்பார்.

"உனுக்கு இன்னா வந்துச்சி? நீயா பெருக்கற?" என்பதோடு அத்தை நிறுத்திக்கொள்வார்.

இந்த வருடம் எழில் அண்ணன் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். போகியன்று காலையில் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். அத்தை செடியைக் கிளறுவதும் வடக்கே பார்ப்பதுமாக இருந்தார். பக்கத்தில் நின்ற என்னிடம், "பிளஸ் டூ முடிச்சிட்டு மெட்ராஸ்ல படிக்கப் போறியாமே? வண்டி ஓட்டக் கத்துக்கினியா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை."

"பின்ன எப்டி வருவ பொங்கலுக்கு? பறந்தா?"

உச்சி வெயில் சாய்ந்தபோது அவருடைய போன் அடித்தது. கையெல்லாம் தூசியாக இருந்ததால் என்னை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அம்மா, செங்கல்பட்டே தாண்டல. வண்டி நவுரவே மாட்டுது. மேப்புல எல்லாம் செவப்பா இருக்குது. இவளுக்கும் முடியல. திரும்பிடலாமான்னு பாக்கறேன்."

அத்தை கிளறிக்கொண்டிருந்த கழியைக் கீழே போட்டார். மாமா வாசலில் எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவது பொங்கலும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"டேய், அந்த ரோட்ட வுடு" என்றார் அத்தை. "நீ பைக்ல வருவியே, உத்திரமேரூரு வழி, அதுல திரும்பி வா. லேட்டானா ஆவட்டும். ஓரம் பெருக்கிதான் வச்சிருக்கேன்."

"நான் இப்ப கார்ல வரேன்மா. ஓரத்துல எப்டி வருவேன்?"

அத்தை ஒரு நொடி முழித்தார். பிறகு குரல் மாறிப்போனது. "ஆமாயில்ல! அப்ப இன்னும் நல்லதாப் போச்சுடா. கொள்ளு மேல ஏத்திக்கினு வா!"

அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "சரிமா, அப்டியே வரேன்" என்றார் எழில் அண்ணன்.

பொழுது இறங்கும் நேரத்தில் வந்துசேர்ந்தார்கள். சின்ன வெள்ளைக் கார். எழில் அண்ணன் கதவைத் திறக்கப் போனார். அத்தை ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். "எறங்காத! அப்டியே பின்னால போ. திரும்ப வா."

"அம்மா, மூத்திரம் முட்டுதும்மா!"

"ஒரே ஒரு வாட்டி வந்துட்டுப் போடா."

கார் பின்னால் போனது, முன்னால் வந்தது, மறுபடி பின்னால் போனது. "ரைட்டுல ஒடி! இன்னும் ஒடிடா, அங்கதான் செடி மொத்தமா கெடக்குது!" என்று மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினார். ஜெயஸ்ரீ அண்ணி சன்னலில் தலையை நீட்டி, ஒவ்வொரு முறை காய் நொறுங்கும்போதும் சிரித்தார். வழியில் அடைந்த களைப்பு அவர் முகத்தில் கொஞ்சமும் மிச்சமில்லை. அந்தக் காருக்கு எடை இருந்ததா என்று அத்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். கார் போய் வந்ததில் கொள்ளு சிதறி ஓரமெல்லாம் உருண்டு கிடந்தது. அத்தை மட்டும் வெளியே வந்து துடைப்பத்தை எடுத்தார்.

"அதான் உம்புள்ள கார்ல வந்துட்டானே! இன்னும் யாருக்குடி பெருக்கற?" என்று உள்ளேயிருந்து மாமா கேட்டார்.

வடக்கே ஒற்றை விளக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. அத்தை அவசர அவசரமாகப் பெருக்கினார். பைக் நெருங்கியதும் கொள்ளுக்குள் ஏறி நின்றுகொண்டு, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கையை நீட்டி ஓரத்தைக் காட்டினார். ஓட்டியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. பின்னால் பையை அணைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். இருவரும் சறுக்காமல் கடந்து போனார்கள்.

அடுத்த பொங்கலுக்கு உங்களுக்குத் தெரிந்த யாராவது நெரிசலுக்குப் பயந்து தேசூர் பக்கமாக பைக்கில் வருவதாக இருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். செஞ்சிக்கு முன்னால் ஒரு தெருவில் சாலை முழுக்கக் கொள்ளு கிடக்கும். பதற வேண்டாம். இடது ஓரமாக வரச் சொல்லுங்கள். அங்கே பெருக்கியிருக்கும்.