திருப்பி வைத்த கண்ணாடி

வலேரியுவுக்கு மங்கலான படம் என்றால் ஆகவே ஆகாது. ரொமேனியாவின் ஜூர்ஜு ஆற்றுத் துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிய கண்கள் அவை. அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருப்பார். கீழே கப்பல் தளத்தில் நிற்பவன் ஒரு விரலை அசைத்தால் போதும், கொக்கி சரியான இடத்தில் போய் இறங்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "ஆத்துக்கு அந்தப் பக்கம் பல்கேரியாக்காரன் தூண்டில்ல என்ன மீன் மாட்டியிருக்குன்னு என்கிட்ட கேளு" என்பார். யாரும் கேட்டதில்லை. அவராகவே சொல்லிவிடுவார்.

எண்பதுகளில் எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி மாலையில் இரண்டு மணி நேரம்தான் ஓடும், அதிலும் பாதி தலைவருக்குக் கைதட்டல். அதனால் ஊரே ஆன்டெனாவைப் பல்கேரியா பக்கம் திருப்பி வைத்திருந்தது. அவர்கள் பேசுவது ஒரு எழவும் புரியாது, ஆனாலும் படம் படம்தானே. எங்கள் அடுக்குமாடிக் கூரையில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவது வலேரியுவின் வேலை. நாலாம் மாடி ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம்! ஐயோ, போச்சு! பழையபடி வை!" என்று கத்துவது வியோரிகாவின் வேலை. காற்றே இல்லாத நாளில்கூட ஆன்டெனா திரும்பிக்கொள்ள ஆரம்பித்ததும் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. அடுத்த வருஷம் கல்யாணம்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பைத்தியம் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் போய்ப் புகுந்துகொண்டது. வாசலை ஒட்டிய நடையில், செருப்பு அலமாரியின் திறந்த தட்டில், ரவுட்டருக்குப் பக்கத்தில் அதை வைத்தார். சினிமா, பாட்டு, மகள் கல்யாணம், பேரன் ஞானஸ்நானம், கைபேசியில் எடுத்த கண்டது கழியது எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். பெரிய அறையில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினால், நடையில் இருக்கும் பெட்டி வைஃபை வழியாகப் படத்தை டிவிக்கு அனுப்பும். "வீட்டு சர்வர்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். வியோரிகா அதை "உன் ரெண்டாம் சம்சாரம்" என்பாள். தூசி தட்டுவது மட்டும் முதல் சம்சாரம்தான்.

மார்ச்சில் வியோரிகா போய்விட்டாள். கணையத்தில் புற்று. கண்டுபிடித்ததற்கும் புதைத்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு விட நேரமில்லை. "ரொம்ப நாளா வலிச்சிருக்கணுமே, உங்களுக்குத் தெரியலையா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் தெரியல" என்றார் வலேரியு. பாதிரியாரிடமும் அதையே சொன்னார். வெளிநாட்டில், டொரினோவிலிருந்து ஓடிவந்த மகளிடமும் அதையே சொன்னார். "அவ சொல்லவே இல்லைம்மா. பார்த்தா ஒண்ணுமே தெரியல." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் நின்றுகொண்டிருந்தார்.

அழவில்லை. கல்லறையில் அழவில்லை, வீட்டுக்கு வந்தும் அழவில்லை. உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்தது, ஊசி போட்ட பிறகு உதடு மரத்துப்போகிற மாதிரி. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். காட்டிய இடத்தில் உட்கார்ந்தார்.

காட்டியவள் சாஃப்தா, வியோரிகாவின் அக்கா. நாற்பது நாளும் முறையாக நடக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். கதவில் கறுப்புத் துணி. அவர் முகச்சவரம் செய்யக் கூடாது. வீட்டுக் கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடினாள். நடையில் இருந்த ஆளுயரக் கண்ணாடிக்குப் போதுமான துணி கிடைக்காததால், அதைச் சுவரிலிருந்து இறக்கி, முகத்தை உள்பக்கம் திருப்பிச் செருப்பு அலமாரியோடு சாய்த்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் போல, காலையில் ரொட்டி கடித்துக்கொண்டிருந்தபோது வலேரியுவுக்கு ஒன்று உறைத்தது. வியோரிகாவின் முகம் நினைவுக்கு வரவில்லை. மேலங்கி வருகிறது, நடை வருகிறது, இருமல்கூட வருகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. போட்டோவைப் பார்த்தார், அது போட்டோவாக இருந்தது, அவளாக இல்லை. அதற்கும் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

போன இலையுதிர்காலத்தில், கட்டடத்துக்குப் பின்னால் எல்லோரும் தகரத்தில் குடைமிளகாய் சுட்ட நாளில் அவர் எடுத்த வீடியோ பெட்டியில் மட்டும் இருந்தது. அவள் பேசி, சிரித்து, நடமாடுகிற கடைசி வீடியோ. எழுந்து போய் டிவியைப் போட்டார்.

"துக்க வீட்டுல டிவியா? ஊர் காறித் துப்பும்!" என்று சமையலறையிலிருந்து சாஃப்தா கத்தினாள்.

"வியோரிகாவைத்தான் பார்க்கப் போறேன், அக்கா."

ஆனால் வந்தது வியோரிகா இல்லை. சேறு. கட்டம் கட்டமாக உடைந்த சிவப்பும் புகையும், நடுவில் மேலங்கி போட்ட ஒரு கறை. கறை சிரித்தது, சிரிப்புச் சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்டது.

மூன்றாம் மாடி புயுவைக் கூப்பிட்டார். டாக்ஸி ஓட்டுகிறவன், எதைப் பற்றியும் கருத்து வைத்திருப்பவன்.

"டிவி செத்துடுச்சு, அண்ணே. புதுசு வாங்கு."

"கேபிள்ல செய்தி பளிச்சுனு வருதேடா."

"அப்போ வீடியோவே அப்படித்தான். புகையில எடுத்தா வேற எப்படி வரும்?"

"எடுத்தது யாருன்னு நினைச்சே? குளிர்காலத்துல அவளும் நானும் இதைப் பார்த்தோம், கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இப்போ வேற படத்தைப் போட்டாலும் இதே சேறுதான்."

பெட்டியை அணைத்துப் போட்டார்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டார்கள். வைஃபை வழி குறுகினால் டிவி தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று புயு எங்கேயோ கேட்டிருந்தான். 'முழுத் தரம்' என்று மாற்றிப் பார்த்தார்கள். படம் நின்றுபோய் வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. பென் டிரைவில் ஏற்றிச் செருகினால், இந்த வகைக் கோப்பு எனக்குத் தெரியாது என்று டிவி கைவிரித்தது.

"வைஃபை வீக்காயிடுச்சு, அண்ணே. வர்ற வாரம் நீளமா ஒரு கேபிள் கொண்டு வர்றேன். விடு, பாதி ரொமேனியா மங்கலாத்தான் பார்க்குது."

அவன் போன பிறகும் வலேரியு விடவில்லை. வேட்டையாட ஒரு கோளாறு கிடைத்ததில், இத்தனை நாள் சும்மா கிடந்த கைகளுக்கு வேலை வந்திருந்தது. கைபேசியில் சிக்னல் கோடுகளைப் பார்த்தபடி வீட்டைச் சுற்றினார். சமையலறையில் கோடுகள் முழுசாக நின்றன. பெரிய அறைக்குள் கால் வைத்ததும் சரிந்து விழுந்தன. அலமாரியிலிருந்து இரண்டுக்கும் ஒரே தூரம்தான். பின்னே ஏன்? எப்போதிலிருந்து? அவள் செத்ததிலிருந்து. அதன் பிறகு என்ன மாறியது? எல்லாமும்தான் மாறியது, ஆண்டவனே. ஆனால் வீட்டில் இடம் மாறிய பொருள்?

நடைக்குப் போய் நின்றார். அலமாரியின் பாதியை மறைத்தபடி கண்ணாடி சாய்ந்திருந்தது. அதன் பின்னால் ரவுட்டர் குட்டி விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து வரும் கேபிள் அதுவரைதான் எட்டும். சமையலறைப் பக்கம் திறந்து கிடந்தது, பெரிய அறைப் பக்கம் கண்ணாடி. முதுகு முழுக்க ரசம் பூசிய ஆளுயரக் கண்ணாடி. தகரச் சுவர் கட்டினாலும் அலையை இதைவிட நன்றாகத் தடுத்திருக்காது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் போனார்.

"கையை எடு!" சாஃப்தா மாவுக் கையோடு ஓடிவந்தாள். "நாப்பது முடியலை. அவ இன்னும் இங்கதான் சுத்திட்டிருக்கா. கண்ணாடியில தன்னையே பார்த்துட்டா வழி தெரியாம உள்ளேயே சிக்கிக்குவா."

"கொஞ்சம் நகர்த்தத்தான், அக்கா. திருப்ப மாட்டேன்."

"நாப்பது வருஷம் அவ கூட இருந்தே, நாப்பது நாள் சும்மா இருக்க முடியாதா உனக்கு?"

அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கையை எடுத்துவிட்டார். வியோரிகா நம்பினாள்.

நாற்பதாம் நாள் வந்தது, புயுவின் கேபிள்தான் வரவில்லை. கல்லறையில் பாதிரியார் சாம்பிராணி போட்டார். வீட்டில் கோலிவா என்கிற இனிப்புக் கோதுமையும் முட்டைக்கோஸ் உருண்டைகளும் பரிமாறினார்கள். ஆளுக்கொரு தட்டும் மெழுகுவத்தியும் கொடுத்தார்கள். முதல் வாய் சாராயத்தைத் தரையில் சிந்திவிட்டு, "கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்றார்கள். மதியம் தாண்டி எல்லோரும் கிளம்பினார்கள்.

"இப்போ கண்ணாடியை மாட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு சாஃப்தா பாத்திரம் கழுவப் போனாள்.

கண்ணாடியைத் தூக்கி எதிர்ச் சுவரில் சாய்த்துவிட்டு, வலேரியு டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ரிமோட்டை அமுக்கினார். உள்ளே மரத்துக் கிடந்த இடத்தில் ஏதோ அசைந்தது.

படம் வந்தது, பளிச்சென்று. தகரத்தில் மிளகாய்த் தோல் கருகி வெடிப்பது தெரிந்தது. புகையில் பறந்த நரை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. முகம், அவள் முகம். கேமரா இன்னும் தன் பக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போல. கீழுதட்டைப் பல்லால் கடித்திருந்தாள். இடது கை மேலங்கிக்கு அடியில், முஷ்டி மடக்கி, வயிற்றுக்குள் அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. பிறகு கேமராவைப் பார்த்தாள். சட்டென்று கையை வெளியே எடுத்து, சிரித்தாள்.

"போதும் வலேரியு, நிறுத்து. நான் கொஞ்சம் உட்காரணும்."

கேமராவுக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல், குஷியாக, "நகராதே, நகராதே! நில்லு அப்படியே! எவ்வளவு தெளிவா வருது பாரு!"

அவள் நகரவில்லை. அவருக்காக நின்றாள். அவர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

வலேரியு படத்தை நிறுத்தினார். எழுந்து நடைக்குப் போனார். கண்ணாடியைத் தூக்கி, முகத்தைத் திருப்பி, முன்பு இருந்தபடியே அலமாரியோடு சாய்த்தார்.

சாஃப்தா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்னய்யா பண்றே? நாப்பதுதான் முடிஞ்சிருச்சே. இனிமே அவ வரமாட்டா. மாட்டலாம்."

"இருக்கட்டும், அக்கா."

"எத்தனை நாளைக்கு?"

"இருக்கட்டும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "தாடியையாவது எடு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்துக்குத் திரும்பிப் போனாள். வலேரியு பெரிய அறைக்குப் போய், வீடியோவை முதலிலிருந்து போட்டார். கட்டம் கட்டமாக உடைந்த சிவப்பும் புகையும் வந்தன. நடுவில் வியோரிகா சிரித்துக்கொண்டிருந்தாள், ஒண்ணுமே தெரியவில்லை.