வலது கைக்கு ஒரு கத்தி

என் வீட்டுக்காரரை வேலை இடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முடிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியில் ஏற்றிய பாரத்தின் மேல் தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறார். அவர் போட்ட முடிச்சு வழியில் அவிழ்ந்துவிட்டது என்று எந்த டிரைவரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. வீட்டில் துணி காயப்போடும் கொடி அறுந்து கிடக்கிறது, கட்டிக் கொடுங்கள் என்றால் மட்டும் ஆளுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

எனக்கும் அதே இடத்தில்தான் வேலை. தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்கும் பித்தளை வளையங்களை அடித்துப் பொருத்துகிறேன். எங்கள் கொட்டகையிலிருந்து பார்த்தால் லாரிகள் வரிசையாக நிற்பது தெரியும். பாரத்தின் உச்சியில் அவர் இடது காலை இழுத்து இழுத்து நடப்பதும் தெரியும். ஏறி இறங்கி இடது முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் ஏறினால் அப்புறம் ஊன்றுகோல்தான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இவர் மேஸ்திரி ஆனால் தரையில் நின்று வேலை பார்க்கலாம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் பேச்சு, நினைப்பு எல்லாம் அது ஒன்றுதான்.

எங்கள் இடத்தில் மேஸ்திரி ஒருவரிடம்தான் கத்தி இருக்கும். மற்றவர்கள் கத்தியோடு உள்ளே வரக் கூடாது. ஏனென்றால் ஒரு பாரத்துக்கு ஒரே நீளக் கயிறு. அதை நடுவில் வெட்டினால் இரண்டு துண்டும் வேறு எதற்கும் ஆகாது. கையில் கத்தி இருப்பவன் முடிச்சு இறுகினால் பொறுமையாக அவிழ்க்கமாட்டான், சரக்கென்று வெட்டிவிடுவான். எது அவிழும், எது அவிழாது என்று பார்த்து வெட்டச் சொல்வதும் வெட்டுவதும் மேஸ்திரியின் அதிகாரம். புது மேஸ்திரி வரும்போது எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய மடக்குக்கத்தி வாங்கிக் கொடுப்பார்கள். யார் கையில் அது இருக்கப் போகிறதோ அவர்தான் கடைக்குப் போய்ப் பிடித்துப் பார்த்து எடுக்க வேண்டும். உன்னை மேஸ்திரி ஆக்கியாயிற்று என்று வாயால் யாரும் சொல்வதில்லை. கத்தி வாங்க வா என்று கூப்பிட்டால் அதுதான் சேதி.

பழைய மேஸ்திரி ஓய்வு பெறுகிற வாரம், என் அண்ணன் வீட்டுக்கு வந்தான்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் இவரும் ஒரே நாள் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே வயது. எனக்கு மாப்பிள்ளை தேடி வீட்டில் அலைந்தபோது, "வெளியில எதுக்குத் தேடுறீங்க, என் சிநேகிதன் இருக்கான்" என்று இவரை இழுத்து வந்து நிறுத்தியவன் அவன். வேலையில் லாரிக்கு இந்தப் பக்கம் இவர் என்றால் அந்தப் பக்கம் அவன். வாரத்தில் நாலு நாள் என் கையால்தான் சாப்பாடு.

அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்.

"மாப்ள, ஞாயித்துக்கிழமை கத்தி வாங்கப் போகணும். நீ வா."

இவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "நானா மச்சான்?"

"நீ இல்லாம யாரு? கத்தியப் பத்தி உன்னவிடத் தெரிஞ்சவன் யாரு இருக்கான்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அண்ணன் தட்டில் கேட்காமலே இரண்டாம் தரம் வைத்தேன். "உன் வாய் இனிக்கணும் அண்ணா, இனிமே இவரு ஏற வேணாம்" என்று அவன் எதிரிலேயே சொன்னேன். இவர் முழங்காலைத் தடவிக்கொண்டு பச்சைக் குழந்தை மாதிரி சிரித்தார். அண்ணன் குனிந்து சாப்பிட்டான். அந்த நேரம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தண்ணீர் கேட்டான். நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. இருக்க முடியாமல் கிளம்பிவிட்டேன். பூட்டும் சுத்தியலும் விற்கும் கடைகளுக்கு நடுவில் ஒடுங்கலான ஒரு கத்திக் கடை. கண்ணாடிக்கு அடியில் நகம் வெட்டும் கத்தியிலிருந்து முழங்கை நீளக் கத்தி வரை அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரர் மெலிந்த மனிதர். இவர் முதல் கத்தியை எடுத்த விதத்தைப் பார்த்ததுமே, மற்ற வாடிக்கையாளரைத் தம்பியிடம் தள்ளிவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

இவர் கத்தி பார்ப்பதைப் பார்க்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. முதலில் மடக்கின கத்தியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, முதுகில் இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு விரித்து, அலகை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். துளி ஆடினாலும் கண்ணாடி மேல் திரும்ப வைத்துவிட்டார். காதருகில் வைத்து மெதுவாகத் திறந்தார். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் போடும் சத்தம் கெட்டியாக இருக்க வேண்டுமாம். முனை கூராக இருந்த நாலைந்தை ஒதுக்கினார்.

"கூர் முனை வேணாங்க. அவசரத்துல தார்ப்பாயக் கிழிச்சிரும். மொட்டை முனையா, கனமா, உள்ள பித்தளைத் தகடு வச்சது காட்டுங்க."

கடைக்காரர் பெரிதாக இரண்டை எடுத்து, முதுகில் இருந்த பூட்டை அழுத்தி மடக்கிக் காட்டி வைத்தார். இரண்டும் உள்ளங்கையை நிறைத்தன. கொம்புக் கைப்பிடி, விரல்கடை அகல அலகு. ஒன்றில் அலகைத் திறக்க நகம் வைக்கும் குழி ஒரு பக்கம்தான் இருந்தது. மற்றதில் இரண்டு பக்கமும் இருந்தது.

இவர் இடது கைக்காரர். சின்ன வயசிலிருந்து எந்த மடக்குக்கத்தியையும் எதிர்ப்பக்கம் விரலை வளைத்துத்தான் திறப்பார். இரண்டு பக்கமும் குழி இருந்ததை எடுத்தார், இடது நகத்தால் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் மகள் பிறந்த அன்றுதான் பார்த்திருக்கிறேன்.

"இது போதுங்க" என்றார் கடைக்காரரிடம்.

அதுவரை கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்தான். இரண்டையும் பார்த்தான்.

"எது நல்லது மாப்ள?"

"அலகு பார்த்தா அது ஒரு மாத்து ஒசத்தி. ஆனா எனக்கு இதுதான் சரி."

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். "வலது கைக்குப் பாரு மாப்ள."

"யாருக்கு வலது கை?"

இவர் கத்தியைப் பிடித்தபடியே அண்ணன் கையைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"முதலாளி என்னைப் போட்டுட்டாரு மாப்ள" என்றான் அண்ணன். "நாளைக்குத்தான் எல்லாருக்கும் சொல்லுவாரு."

"அவரா போட்டாரா?" நான்தான் கேட்டேன்.

அவனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. "முதல்ல மாப்ளயத்தான் சொன்னாரு. நீ என்ன நினைக்கிறேன்னு என்கிட்ட கேட்டாரு. நான்... அவனுக்கு அதுல இஷ்டமில்ல, மேல நின்னு கட்டுறதுதான் அவனுக்குப் பிடிக்கும்னு சொல்லிட்டேன். வாய் தவறி வந்துருச்சும்மா."

"வாய் தவறியா? இவரு கால் உனக்குத் தெரியாதா? என் சோத்தைத் தின்னுக்கிட்டே எங்க தலையில மொளகா அரைச்சிருக்கியே, நீ என் கூடப் பொறந்தவனா?" கடையில் எல்லோரும் திரும்பினார்கள். திரும்பட்டும். "நீ மேஸ்திரி ஆகணும்னா ஆகிக்க. இவரை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

"எனக்குக் கத்தி பாக்கத் தெரியாதேம்மா."

இவ்வளவுதான் அவன் பதில். கெட்டவனாக இருந்திருந்தால்கூட ஒரு நல்ல பொய் சொல்லியிருப்பான். இவன் கூட்டாளியின் வேலையை எடுத்துக்கொண்டு, அந்தக் கூட்டாளியையே கத்தி பொறுக்கிக் கொடுக்கவும் கூட்டி வந்திருக்கிறான். அதில் தப்பு இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

இவர் கையில் இருந்த கத்தியை மூடிக் கண்ணாடி மேல் வைத்தார். மற்றதைக் கையில் எடுத்தார். மறுபடி முதலிலிருந்து எல்லாம் பார்த்தார். வெளிச்சத்துக்குத் தூக்கினார், அசைத்தார், காதில் வைத்துக் கேட்டார். வலது கையால் பிடித்து, கயிறு அறுப்பது போல இழுத்துப் பார்த்தார். கடைக்காரரிடம் ஒரு துண்டுக் கயிறு கேட்டு வாங்கி ஒரே இழுப்பில் அறுத்தார்.

"இதைக் கட்டிக் கொடுங்க" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரைத் திட்டினேன். அண்ணன் மேல் இருந்த கோபம் பாதி, இவர் மேல் பாதி. "மழுங்கின கத்தியா ஒண்ணு பொறுக்கிக் கொடுத்திருக்கக் கூடாதா? உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். இறங்கும் இடம் வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வெட்டும்போது கயித்தப் பிடிக்கிறது யாரு?" என்றார். "நான்தானே?"



திங்கட்கிழமை காலை முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தியை அண்ணனிடம் கொடுத்தார். கைதட்டினார்கள். இவரும் தட்டினார். சிலர் இவரைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்கள். மத்தியானத்துக்கு முன்னாலேயே ஒரு முடிச்சு இறுகிக்கொண்டது. மழையில் நனைந்து வந்த லாரி. நாலு பேர் முயன்றும் அவிழவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள்.

வெட்டும்போது மேலே பாரம் சரியாமல் இருக்கவும், அறுந்த நுனி சாட்டை மாதிரி அடிக்காமல் இருக்கவும் ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிச்சை ஒட்டிப் பிடித்தால்தான் கயிறு ஆடாது, கத்தி ஒரே இழுப்பில் இறங்கும். பழைய மேஸ்திரி வெட்டும்போதெல்லாம் இவர் ஒரு சாண் இடைவெளியில்தான் பிடிப்பார். கத்தி இவர் விரல் பக்கத்தில் போகும். ஒரு நாளும் கையை நகர்த்தியதில்லை.

அன்று இவர் முடிச்சிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் பிடித்தார். நான் வளையம் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அங்கே இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"கிட்டப் பிடி மாப்ள" என்றான் அண்ணன்.

"இது போதும். வெட்டுங்க மேஸ்திரி."

அண்ணனின் காது மடல் சிவந்தது. கயிறு ஆடியது. அவ்வளவு நல்ல கத்தியை வைத்துக்கொண்டு ரம்பம் போல இழுத்து இழுத்து அறுத்தான். அறுந்ததும் இவர் நுனியைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு, முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு அடுத்த லாரி மேல் ஏறத் தொடங்கினார்.

அண்ணன் கத்தியை மடக்கப் பார்த்தான். மடங்கவில்லை. அதன் முதுகில் சின்னதாக ஒரு பூட்டு உண்டு. அதை அழுத்தினால்தான் மடங்கும். கடைக்காரர் அதைக் காட்டிய நேரம் அவன் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது இழுத்தான், தட்டினான், தொடையில் வைத்து அழுத்தினான். ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"மாப்ள, இதை எப்படி மடக்குறது?" என்று மேலே பார்த்துக் கேட்டான். மேலே தார்ப்பாய் இழுபடும் சத்தம் மட்டும் வந்தது.

அண்ணன் கொட்டகைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கடையில் பக்கத்திலேயே நின்று பார்த்தவள், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். திறந்த கத்தியோடு நாலு அடி என்னைப் பார்த்து நடந்து வந்தான். "சொல்லேம்மா" என்றான்.

நான் சொல்லவில்லை.