சரியும் தெருவில் ஒரு சலூன்

கதவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, இடுப்பால் ஓர் இடி இடித்துத்தான் வீப்கெ ஹார்ம்ஸ் தன் சலூனைத் திறப்பார். பிறகு தெருவுக்கே பொதுவாக ஒரு "மொயின்!" வணக்கம். போன மாதம் இழைப்புளியால் சீவிய கதவு, இப்போது மறுபடி தரையில் இடிக்கிறது. லூனெபுர்க்கில் எங்கள் தெரு அப்படி. ஊர் பல நூறு வருஷம் அடியிலிருந்து உப்பை எடுத்தது. பூமி நிதானமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

உள்ளே நாற்காலிகளுக்கு ஒரு பக்கம் மட்டும் மரக்கட்டை முட்டு. கண்ணாடியை ரசமட்டம் பிடித்து மாட்டியிருக்கிறார். "சுவர் எப்படி வேணா போகட்டும். தலை நேராத் தெரியணும்."

அறுபத்தாறு வயதுப் பெண்மணி. வாய் ஓயாது. வழுக்கை விழுந்த பாதிரியாரிடம், "தலைமுடியையெல்லாம் கடவுள் எண்ணி வெச்சிருக்காராமே? உங்ககிட்ட அவருக்கு வேலை மிச்சம், ஃபாதர்" என்பார். அவரும் தவறாமல் வருகிறார்.

சென்ற இலையுதிர்காலத்தில் கண்ணாடிக்கு மேலே சுவர் பிளந்தது, கை நுழையும் அளவுக்கு. நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்தார். சுவரை இழுத்துக் கட்டிப் பார்க்கலாம், நிற்காவிட்டால் இடிப்பதுதான் வழி, அதுவரை கீழே கடையிலோ மேலே வீட்டிலோ யாரும் இருக்கக் கூடாது என்றார். மகன் யோர்ன் வந்து அம்மாவை ஹாம்பர்க்குக்கு அழைத்துப்போனான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒரு காலை, எதிரே உள்ள என் சைக்கிள் கடை வாசலில் கத்தரிப் பெட்டியோடு நின்றார்.

"என்னக்கா, அதுக்குள்ள?"

"எட்டாவது மாடி, டீர்க். தரை அவ்வளவு சமம், நடந்தா எனக்குத் தள்ளாடுது. லிஃப்ட்ல மொயின் சொன்னா அவனவன் செல்போனைப் பாக்கறான். அந்த மூலையைக் காலி பண்ணு."

"எண்ணெய் நாத்தம் அடிக்குமேக்கா."

"உன் மேலயுந்தான் அடிக்குது. சகிச்சுக்கலையா?"

குளிர்காலம் முழுக்க என் வீட்டில் தங்கி, டயர்களுக்கு நடுவே முடி வெட்டினார். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் தாடியையும் திருத்திக்கொண்டு போனார்கள். ஆளில்லாத நேரத்தில் எதிரே பூட்டிக் கிடக்கும் தன் சலூனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏப்ரலில் இரும்புக் கம்பிகள் சுவரைப் பிடித்துக்கொண்டன. "நிக்கும். ஆனா சாஞ்சுதான் நிக்கும்" என்றார் பொறியாளர்.

"இந்த வயசுல நான் மட்டும் என்ன, நேராவா நிக்கறேன்?"

சலூன் மறுபடி திறந்த அன்று யோர்ன் வந்தான். அம்மாவின் பெட்டிகளை ஏற்றக் காரின் டிக்கியைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போனான்.

"போதும்மா. மறுபடி பிளந்தா? ராத்திரி ஃபோன் அடிச்சாலே எனக்குப் பக்குங்குது. கிளம்பு."

வீப்கெ அவன் தோளை அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்தார். வெள்ளைத் துணியை ஓர் உதறு உதறி அவன் கழுத்தில் கட்டினார். பிறகு அவன் பிடரியைத் தடவிக் குனியவைத்து, சீப்பை எடுத்தார். வெளியே டிக்கி காலியாகவே திறந்து கிடந்தது.