மிஸ் சாப்பிட்ட வீடு

மிஸ்ஸின் தண்ணீர்ப் போத்தல் பச்சை நிறம். அதன் கழுத்தில் கயிறு கட்டி, கைப்பையோடு சேர்த்துத் தோளில் மாட்டியிருப்பார். புளியங்கூடலில் மாமா வீட்டு விறாந்தைக்கு அவர் முதன்முதலாக வந்த நாளில், மாமி கொண்டுவந்து நீட்டிய சோடாவைத் தொடாமல் அந்தப் போத்தலைத்தான் திறந்தார். "வேலையா வந்த வீட்டில நான் கை நனைக்கிறேல்லை அம்மா. குறை நினையாதேங்கோ" என்றார். மாமியின் முகம் கறுத்துப் போனது. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கோ அந்த வார்த்தை தேனாக இனித்தது. மாமி நீட்டியதை வேண்டாம் என்று சொன்ன ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

அவர் பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர். தீவில் எல்லோரும் சிறுவர் மிஸ் என்பார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, தங்கச்சிக்குப் பத்து. அப்பா மண்டைதீவில் கடற்றொழில் செய்தவர். அவரை விரும்பிக் கட்டியதற்காக அம்மாவை அவளுடைய வீட்டார் தலைமுழுகியிருந்தார்கள். கடலுக்குப் போன அப்பா ஒருநாள் திரும்பி வரவில்லை. அம்மா வேறு வழியில்லாமல் எங்களைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அவள் அனுப்புகிற காசில் மாமாவுக்குத் தீட்டு இருக்கவில்லை. அப்பாவின் சாதி எங்கள் இருவரிடம் மட்டும்தான் ஒட்டியிருந்தது. எங்களுக்கென்று இரண்டு பிளாஸ்ரிக் கோப்பைகள் கிணற்றுக் கட்டில் கவிழ்ந்து கிடக்கும். குசினிக்குள் அடுப்படித் தட்டில் இருக்கும் கண்ணாடிக் குவளைகளை நாங்கள் தொடவும் ஏலாது. மாடு, தோட்டம், பாத்திரம் எல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால் பள்ளிக்கூடம். வகுப்பு ரீச்சர் சொல்லித்தான் மிஸ் எங்களைத் தேடி வந்தார்.

சோடாவை மறுத்த கையோடு அவர் எழுந்து, "பிள்ளை, கிணத்தடியைக் காட்டும்" என்று என்னைக் கூப்பிட்டார். மாமி பின்னால் வரப் பார்த்தாள். "நீங்கள் இருங்கோ அம்மா, நான் பிள்ளையோடதான் கதைக்க வேணும்" என்று அவர் சொன்னதில் மரியாதை இருந்தது, ஆனால் வழிவிடுகிற எண்ணம் இருக்கவில்லை. கிணற்றடியில் அவர் ஒன்றும் கேட்க முதலே கோப்பைகளைக் கண்டுவிட்டார். பிறகு நான் எல்லாம் சொன்னேன். தங்கச்சியின் தொடையில் இருந்த சூட்டுக் காயத்தையும் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து, யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருக்கிறது, அங்கிருந்து பள்ளிக்கூடம் போகலாம் என்றார். "தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போவீங்களோ மிஸ்?" "ரெண்டு பேரையும்தான். ஒழுங்கு செய்துபோட்டு வாறன். பயப்பிடாதையும்."

நான் நம்பினேன். என்னைவிடத் தங்கச்சி நம்பினாள். பள்ளிச் சட்டை, ஒரு சீப்பு, அம்மாவின் படம் எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். சந்தியில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் மாட்டையும் விட்டுவிட்டு ஓடிவந்து, "அக்கா, இண்டைக்கோ?" என்று கேட்பாள். மழைக்காலம் வந்து போனது. மிஸ் வரவில்லை. எங்களுக்குத் தெரியாமல் மாமா பிரதேச செயலகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்திருந்தார். 'அந்த உத்தியோகத்தர் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, எங்களைக் குறைந்த ஆட்களாக நடத்தினார்' என்பது முறைப்பாடு. கிணற்றுக் கட்டில் எங்கள் கோப்பைகளை வைத்திருந்த மனிதர் வாய் கூசாமல் இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்த முறைப்பாடு முதலாவதும் அல்ல என்று பின்னாளில் அறிந்தேன். கரையோரத்துக் கடற்றொழில் குடும்பங்களும் அவரைப் பற்றி அதையே சொல்லியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்கள் கைத் தண்ணீர் மறுக்கப்பட்டே தலைமுறை தலைமுறையாக அவமானப்பட்ட சனம், வேறு எப்படி நினைப்பார்கள்? ஆகவே மேலிடம் மிஸ்ஸைப் பயிற்சிக்கு அனுப்பியது. சமூகத்தின் நம்பிக்கையைப் பெறுதல் பற்றிய பயிற்சி. அதை நடத்திய வளவாளர் கொழும்பிலிருந்து வந்தவர். மக்கள் தருவதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள், அவர்களில் ஒருவராகுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாராம். நல்ல பேச்சுத்தான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக் கூடாது என்று தாய்ப்பாலோடு ஊட்டி வளர்த்த ஊரில், ஒரு வீட்டில் சோறு தின்றுவிட்டு அந்த வீட்டுக்கு எதிராக எழுத எவருக்குக் கை வரும் என்று அவருக்கு யார் சொல்வது? மிஸ் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கு அந்தப் பயிற்சி வேண்டியிருந்தது என்பது என் ஊகம். என்னுடையது கசந்த மனம், அது அப்படித்தான் ஊகிக்கும்.

அவர் மறுபடி வந்த நாளில் தோளில் போத்தல் இல்லை. முகம் நிறையச் சிரிப்பு இருந்தது. வருவதை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அதுவும் புது முறை. மாமி எங்களைக் குளிக்க வார்த்து, முகத்துக்குப் பவுடர் பூசி, நண்டுக் கறியும் முருங்கைக்காய்ப் பால்கறியும் சமைத்திருந்தாள். "உன்ர கையால குடு பிள்ளை, மிஸ்ஸுக்கு" என்று, ஒருநாளும் என்னைத் தொட விடாத கண்ணாடிக் குவளையை என் கையில் தந்தாள். மிஸ் வாங்கிக் குடித்துவிட்டுக் குவளையை என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு சாப்பிட்டார். நண்டுக் காலை உடைத்து உறிஞ்சியபடி, "இப்பிடி ஒரு கறி நான் சாப்பிட்டு எத்தினை காலம்" என்றார். மாமி இன்னொரு அகப்பை ஊற்றினாள். மாமா தோட்டத்து மரவள்ளிக் கிழங்கைப் பையில் கட்டி அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தார். மாமி பக்கத்தில் நிற்க, மாமா எதிரில் இருக்க, "எப்பிடிப் பிள்ளை, மாமி நல்லாப் பாக்கிறாவோ?" என்று கேட்டார். நான் கிணற்றடிப் பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார். எழும்பவில்லை. "ஓம் மிஸ்" என்றேன். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி பள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் வந்து நின்றாள். மாமிதான் முதலில் சிரித்தாள். "பாருங்கோவன், உங்களோட வெளிக்கிட்டிட்டா!" மிஸ்ஸும் சிரித்தார். தங்கச்சியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, கிழங்குப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவர் படலையைத் தாண்ட முதலே மாமி என் கையிலிருந்து குவளையைப் பறித்துச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

வெளிக்கிட நினைத்த குற்றத்துக்குத் தங்கச்சியின் பள்ளிக்கூடம் அன்றோடு நின்றது. நான் அடியும் உதையும் வாங்கி, இரவல் புத்தகங்களோடு எப்படியோ படித்து முடித்தேன். அவள் பதினாறு வயதில், மதில் கட்ட வந்த இறுப்பிட்டிப் பெடியன் ஒருவனோடு போனாள். காதல் என்று ஊர் சொன்னது. அவனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, அது அந்த வீட்டைவிட்டு வெளியே போகும், அவ்வளவுதான். அவன் இப்போது குடித்துவிட்டு அடிக்கிறான். அவளுடைய மூத்த மகள் பள்ளிக்கூடம் வருவதில்லை என்று சென்ற மாதம் எங்கள் அலுவலகத்துக்கு அறிவித்திருக்கிறார்கள்.

எங்கள் அலுவலகம் என்றுதான் சொல்கிறேன். நானும் இன்று சிறுவர் மிஸ்தான். போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு ஹொட்டல் மண்டபத்தில் எங்களுக்குத் தொழில் மேம்பாட்டுச் செயலமர்வு. ஓய்வுபெற்ற அனுபவசாலி ஒருவர் வளவாளராக வருகிறார் என்றார்கள். வந்தவர் எங்கள் மிஸ். தலை நரைத்திருந்தாலும் சிரிப்பு அதே சிரிப்பு. "நானும் ஒரு காலத்தில பிழை விட்டனான்" என்று தொடங்கினார். "போற வீடுகளில தண்ணிகூடக் குடிக்கமாட்டன். ஒரு பயிற்சிதான் என்னை மாத்தினது. புளியங்கூடலில முறைப்பாடு குடுத்த அதே வீட்டில போய்ச் சாப்பிட்டன். எதிரியா நிண்ட சனம் சொந்தம் மாதிரி வந்திட்டுது. பிள்ளையும் சந்தோசமா இருக்கிறன் எண்டு தன்ர வாயாலயே சொன்னது." மண்டபம் கை தட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் அவரிடம் போனேன். "மிஸ், புளியங்கூடல் பிள்ளை நான்தான். நான் பொய் சொன்னனான். நீங்கள் கிணத்தடிக்கு வரேல்லை" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய என் உத்தியோக அட்டையையும் பார்த்தார். பிறகு அவருடைய முகம் தெளிந்தது. "அப்ப என்ன பிள்ளை, நல்லாத்தானே வந்திருக்கிறீர்?" என்றார்.

"நான் வந்திட்டன் மிஸ். தங்கச்சி இன்னும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறா."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நடிக்கவில்லை. பிறகு மெதுவாக, "உமக்கொரு தங்கச்சியும் இருந்தவவோ?" என்று கேட்டார்.